சைக்கிளுக்கு வழி: ரோட்டர்டாமிலிருந்து கப்பலூர் வரை

கூகுள் மேப்ஸில் மோட்டார் பைக்குக்கென்று தனியாக வழி காட்டும் வசதி 2017 டிசம்பரில் வந்தது. உலகத்திலேயே முதலில் இந்தியாவுக்குத்தான் கொடுத்தார்கள். சைக்கிளுக்கு வழி காட்டும் வசதியை அதற்கு ஏழேமுக்கால் வருஷம் முன்னாடி, 2010 மார்ச் 10 அன்று, அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள். அங்கே சைக்கிளும் இங்கே பைக்கும் முதலில் வந்ததற்குச் சந்தைதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 45 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. பைக், ஸ்கூட்டர், மொபெட் எல்லாம் சேர்த்து 21 சதவீத வீடுகளில்தான். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் என்று அதே கணக்கெடுப்பு காட்டுவது சுமார் 2 கோடியே 60 லட்சம் பேரை.

இத்தனை சைக்கிள் ஓடுகிற நாட்டில், சைக்கிள்காரனுக்கு வழி சொல்ல வரைபடத்தால் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விக்குத் திருமங்கலத்தைச் சுற்றியுள்ள சாலைகளை வைத்துக்கொண்டு பதில் தேடிப் பார்த்தேன். தேடல் எங்கெங்கோ போய்விட்டது. கோர்வையாக எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலில் பழைய கதை. வரைபடத்துக்கும் சைக்கிளுக்கும் உறவு கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தையது. இங்கிலாந்தில் சைக்கிள் சுற்றுலாக்காரர்கள் 1878இலேயே சங்கம் வைத்துவிட்டார்கள். அப்போது கார் கிடையாது. ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் ரயிலுக்கு மாறிவிட்டதால் நாட்டுப்புறச் சாலைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அந்தச் சாலைகளை மறுபடி உபயோகிக்க ஆரம்பித்தவன் சைக்கிள்காரன். அவனுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: சாலையின் தரை எப்படி, மேடு எவ்வளவு. 1896இல் ஹாரி இங்லிஸ் என்பவர் ஸ்காட்லாந்து சாலைகளுக்கு ஒரு கையேடு போட்டார். ஒவ்வொரு சாலைக்கும் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டினார், இன்றைக்கு செயலிகளில் அடியில் மலை மாதிரி ஒரு படம் வருகிறதே, அதே படம். எடின்பரோவிலிருந்த பார்த்தலோமியூ நிறுவனம் தன் அரை அங்குல வரைபடங்களைத் திருத்துவதற்கு அந்தச் சைக்கிள் சங்கத்து உறுப்பினர்களின் உதவியை வாங்கிக்கொண்டது. உறுப்பினர்கள் ஓட்டிப் பார்த்துத் தவறுகளை எழுதி அனுப்புவார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு இதுதான் தாத்தா என்பேன்.

பிறகு கார் வந்தது. சாலை வரைபடத்தில் கோடு தடிமனாக இருந்தால் முக்கியமான சாலை என்று ஆனது. முக்கியம் யாருக்கு? காருக்கு, லாரிக்கு. தரையையும் ஏற்றத்தையும் சொன்ன வரைபடம் மெல்ல, வேகத்தைச் சொல்லும் வரைபடமாகிவிட்டது. நம் கையில் இருக்கும் போன் அந்தப் பரம்பரையில் வந்தது.

நம் பக்கத்தில் கால்வலுவில் போகிறவனுக்காக யோசித்த சாலைகள் இல்லாமலில்லை. ராணி மங்கம்மாள் பெயரில் இன்றும் சொல்லப்படும் சாலை மதுரையிலிருந்து தெற்கே போனது. அவர் மதுரையை ஆண்டது 1689 முதல் 1706 வரை. சாலையோரம் நிழல் மரம், கிணறு, தங்கச் சத்திரம் என்பதுதான் மக்கள் நினைவில் அந்தச் சாலையின் அடையாளம். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இப்போதும் நிற்கிறது. 1906இல் வந்த பிரான்சிஸின் மதுரை மாவட்ட கெசட்டியர் வரைக்கும் சாலையும் சத்திரமும் ஒரே அத்தியாயத்து விஷயங்களாகத்தான் இருந்தன. நடக்கிறவனுக்கும் மாட்டுவண்டிக்காரனுக்கும் தூரம் என்பது கிலோமீட்டர் இல்லை; அடுத்த தண்ணீர் எங்கே என்பது. வைகாசி மாதம் பகல் ஒரு மணிக்குத் திருமங்கலத்திலிருந்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும்.

இங்கே இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். திருமங்கலத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் டி. கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஜனவரி 30இல் மறைந்தார். தார்ச் சாலை மோட்டார்க்காரனுக்காகப் போடப்படுவது, லாடமில்லாத மாட்டுக் குளம்புக்கு அது ஆகாது, பின்னே அதன் செலவை ஏன் எல்லோர் தலையிலும் வைக்க வேண்டும் என்று வாதாடிய பொருளாதார அறிஞர் அவர். அந்தக் காலத்தில் இதைக் கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. சாலை என்பது எல்லோருக்கும் பொது என்று நாம் வாயால் சொன்னாலும், எந்தச் சக்கரத்தை மனதில் வைத்துப் போட்டோமோ அந்தச் சக்கரத்துக்குத்தான் அது சொந்தம் என்பதை அவர் மாதிரி நேராகச் சொன்னவர்கள் குறைவு. அவர் வாழ்ந்த ஊருக்குப் போகும் கொல்லம் சாலையில்தான் பின்னாளில் நான்கு வழி வேலை தொடங்கியது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 1956இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு இளைஞர் ஆம்ஸ்டர்டாமில் தனக்கு நிச்சயமான பெண்ணோடு கடைவீதி சுற்றிவிட்டு, களைத்துப்போய் ஒரு காபிக்கடை வாசலில் உட்கார்ந்தார். ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறைந்த தூரத்தில் போவது எப்படி என்ற கணக்கை, பேப்பர் பேனா இல்லாமல், சுமார் இருபது நிமிஷத்தில் போட்டு முடித்தார். 1959இல் அச்சில் வந்தது. இன்றைக்கு வழிகாட்டும் செயலிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு வடிவத்தில் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. கல்லூரியில் இதைப் பரீட்சைக்குப் படித்தபோது எனக்குக் காபிக்கடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாலு மார்க் எடுத்திருப்பேன்.

அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. சாலைச் சந்திப்புகள் புள்ளிகள், சாலைகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எடை. கணக்கு செய்வதெல்லாம் மொத்த எடை குறைவாக வரும் வரிசையைக் கண்டுபிடிப்பது. எடை என்ன என்று அது கேட்காது. தூரத்தைக் கொடுத்தால் குறுக்குவழி வரும், நேரத்தைக் கொடுத்தால் வேகவழி வரும். காருக்கு இது சுலபம், தூரத்தை வேகத்தால் வகுத்தால் முடிந்தது. சைக்கிளுக்கு? மூச்சு வாங்குவதற்கு என்ன எடை? பின்னால் லாரி ஹாரன் அடிப்பதற்கு என்ன எடை? புளியமரத்து நிழலுக்கு எவ்வளவு தள்ளுபடி? சைக்கிள் வழிகாட்டியின் வரலாறு முழுக்க இந்த எடையை எப்படி எண்ணாக்குவது என்கிற சண்டைதான்.

அதற்கான தரவு 2000க்குப் பிறகுதான் சாமானியன் கைக்கு வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் பறந்து, ரேடாரால் உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை அளந்தது. மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. நூறு மீட்டர் தள்ளிக் காட்டிய கருவி இருபது மீட்டருக்குள் வந்தது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். கையில் ஜிபிஎஸ், காலடியில் பெடல் என்று தெருத்தெருவாகச் சுற்றி வரைந்த ஆரம்பகாலத்து ஆட்களில் சைக்கிள்காரர்கள் நிறைய. 2007இல் ஆண்டி ஆலன் அதிலிருந்து ஓப்பன்சைக்கிள்மேப்பை எடுத்தார். கேம்பிரிட்ஜ் நகரத்து சைக்கிள் இயக்கத்தில் இருந்தவர்கள் ஊருக்குள் ஓட்டச் செய்த வழிகாட்டி வளர்ந்து 2009இல் சைக்கிள்ஸ்ட்ரீட்ஸ் என்று நாடு முழுக்கப் போனது. அதில் எனக்குப் பிடித்தது, ஒரு கேள்விக்கு மூன்று பதில் கொடுப்பது: வேகமான வழி, அமைதியான வழி, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எடை எது என்று தீர்மானிக்கும் உரிமையை ஓட்டுகிறவனிடமே விட்டுவிட்டார்கள்.

கூகுள் தானாக முன்வரவில்லை. சைக்கிளுக்கும் வழி காட்டு என்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருந்தார்கள். வாஷிங்டனில் நடந்த தேசிய சைக்கிள் மாநாட்டில் அறிவித்தபோது 150 நகரங்களின் சைக்கிள் பாதைத் தரவு உள்ளே இருந்தது. கைவிடப்பட்ட ரயில் தடங்களைப் பாதையாக்கும் ஓர் அமைப்பு, தான் சேர்த்து வைத்திருந்த பாதை விவரங்களைத் தந்திருந்தது. செங்குத்து ஏற்றத்தைத் தவிர்ப்பது, பெரிய சாலையைத் தவிர்ப்பது, மிதிக்கிறவனின் களைப்பைக் கணக்கில் எடுப்பது எல்லாம் அந்த முதல் பதிப்பிலேயே பேசப்பட்டன.

கவனித்தால் அந்த வசதியின் அஸ்திவாரம் 'சைக்கிள் பாதை' என்ற ஒரு பொருள். தனியே போட்ட பாதை, பச்சைக் கோடு. அந்தப் பொருள் இருக்கும் ஊரில் வரைபடம் சைக்கிளைப் பார்க்கும். திருமங்கலத்தில் அந்தப் பொருள் கிடையாது. ஆனால் சைக்கிள் கிடக்கிறது, வீட்டுக்கு ஒன்று. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த விலையில்லா சைக்கிள் சில வருஷங்களிலேயே அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் என்று விரிந்தது. அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏற்றியது. அரசாங்கம் சைக்கிளைக் கையில் கொடுத்தது, கற்றுக்கூடக் கொடுத்தது. எந்த வழியில் போவது என்பதை மட்டும் அவரவர் பாடு என்று விட்டுவிட்டது.

இந்தியாவில் வரைபடம் போடுவதே நீண்ட காலம் கொஞ்சம் பயந்துகொண்டு செய்கிற வேலையாக இருந்தது. லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்த நாளிலிருந்து நில அளவை என்பது படையோடு சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2005 தேசிய வரைபடக் கொள்கைதான் ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. பொதுமக்களுக்கான வரிசையின் சுருக்கப்பெயரும் ஓஎஸ்எம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சுருக்கப்பெயரும் ஓஎஸ்எம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசிய கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். 2016 மே மாதம் ஒரு மசோதா வரைவு வந்தது. இந்திய எல்லையைத் தவறாகக் காட்டினால் நூறு கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை வரைபடக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்கள் எதிர்த்திசையில் போய், முன்அனுமதி என்பதைப் பெருமளவு எடுத்துவிட்டன. மறுவருஷம் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் சாலைத் தரவும் பொதுவில் வந்தது. கிராமத்துக்குள் போகும் தார் ரோடுகளுக்கு அது நல்ல உதவி.

இந்த இடைவெளியில்தான் 2017இன் பைக் வழி வந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கார் நுழையாத சந்துகளை அது வழியாக ஏற்றுக்கொண்டது. நம் ஆட்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே வழியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் என்று புரிந்துகொண்டு, வழியிலுள்ள முக்கிய அடையாளங்களைக் காட்டியது. மதுரைக்காரனுக்குத் தெருப்பெயர் எதற்கு, பழங்காநத்தம் ரவுண்டானா என்றால் போதாதா? சைக்கிள்காரர்கள் பலரும் அதைத்தான் வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறார்கள். சந்துக்குள் அது சரி. ஊரைத் தாண்டினால் அதன் எடை நேரம்தான். எஞ்சினுக்கு நேரம் எங்கே குறையும்? நாலு வழிச்சாலையில்.

இப்போது திருமங்கலத்துக்கு வருவோம். மதுரைக்குத் தென்மேற்கே இருபது கிலோமீட்டரில், பழைய எண் 7, புது எண் 44 தேசிய நெடுஞ்சாலையின் மேல் இருக்கிற ஊர். இங்கிருந்து கொல்லம் சாலை பிரிகிறது. உசிலம்பட்டிக்கும் செக்கானூரணிக்கும் சாலை போகிறது. குண்டாறு ஊரையொட்டிப் போகிறது. வடக்கே கப்பலூர், சிட்கோ தொழிற்பேட்டை, சுங்கச்சாவடி, ரிங் ரோடு பிரியும் இடம். காலையில் தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் போகிறவர்களை அங்கே பார்க்கலாம். பழைய இருவழிச் சாலை ஊர்களை இணைத்தது. நாலு வழிச்சாலை ஊர்களைப் பிரித்தது. நடுவில் மீடியன். சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்றால் திறப்பு இருக்கும் இடம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும்.

வரைபடத்தில் நாலு வழிச்சாலை இரண்டு ஒருவழிக் கோடுகள். திறப்பு இருக்கும் இடத்தில் மட்டும் குறுக்குக் கோடு. டைக்ஸ்ட்ராவின் கணக்கு நேர்மையாகச் சொல்லும்: ஒன்றரை கிலோமீட்டர் போ, திரும்பு, ஒன்றரை கிலோமீட்டர் வா. காருக்கு அது மூன்று நிமிஷம். மணிக்கு 12 கிலோமீட்டரில் மிதிக்கிறவருக்குக் கால் மணி நேரம், அதுவும் லாரிக்குப் பக்கத்தில். அவர் என்ன செய்கிறார்? ஓரத்து மண்ணில் எதிர்த்திசையில் முந்நூறு மீட்டர் போகிறார். இல்லாவிட்டால் சைக்கிளைத் தூக்கி மீடியனுக்கு அந்தப்பக்கம் வைத்துவிட்டுத் தானும் தாண்டுகிறார். கண்ணால் பார்த்தவர்கள் "ரூல்ஸ் தெரியாத ஜனம்" என்பார்கள். ரூல்ஸ் தெரியும், முழங்காலும் தெரியும். இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த சைக்கிள்காரர்கள் நாலாயிரத்துக்கும் மேல். வழி காட்டுகிற வேலையில் எடையைத் தப்பாக வைப்பது என்பது இந்த இடத்தில் வெறும் மென்பொருள் விவகாரமாக எனக்குத் தோன்றவில்லை.

மாற்று வழி உண்டா? உண்டு, அங்கேதான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது. நாலு வழிச்சாலைக்கு இணையாகவும் குறுக்காகவும் ஊராட்சிச் சாலைகள், வண்டிப்பாதைகள், கண்மாய்க் கரைகள், ரயில் தண்டவாளத்து ஓரத் தடங்கள் என்று ஒரு வலையே கிடக்கிறது. (ரயில் இந்தப் பக்கம் 1876இலேயே வந்துவிட்டது, கிராமத்துப் பாதைகள் அதோடு சமாதானமாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது.) திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரையில் வழி கேட்டபோது ஒரு பெரியவர் திருப்பிக் கேட்டார்: "தம்பி, காரு போற வழி கேக்குறியா, சைக்கிள் போற வழி கேக்குறியா?"

சைக்கிள் வழி என்றேன்.

"அப்ப கரையிலயே போ. மடை தாண்டி அங்கிட்டு கலுங்கு வரும். இப்பப் போயிரலாம். ஐப்பசி கார்த்திகையில போகாத, தண்ணி தாண்டும். சுத்தி ரோட்டுக்கே போயிரு."

நான் அறிந்த எந்த நிறுவனத்தின் வழிகாட்டியிலும் இந்த வாக்கியங்களைச் சொல்ல இடமில்லை. வாகனம் எது என்று முதலில் கேட்டார், தடையை இடத்தோடு சொன்னார், மாதத்தோடு சொன்னார், மாற்றும் சொன்னார்.

மாதம் என்பது இங்கே சின்ன விஷயமில்லை. திருமங்கலம், கள்ளிக்குடி, கல்லுப்பட்டிப் பக்கமெல்லாம் கரிசல். கோடையில் கரிசல் பாதை சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், தார் ரோட்டைவிட மெத்தென்று ஓடும். ஒரு மழை பெய்யட்டும், நூறு மீட்டருக்குள் மண் டயரில் சுற்றி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிடும். அப்புறம் குச்சி எடுத்து நோண்டிக்கொண்டே தள்ள வேண்டியதுதான். மேற்கே செம்மண்ணும் சரளையும் கலந்த இடங்களில் அந்தத் தொல்லை இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டுக்கும் 'சர்ஃபேஸ்=டர்ட்' என்றே பலர் போட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் எழுதிய நிரலுக்கு மண் என்றால் மண். கரிசலுக்குத் தமிழில் தனிச் சொல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

காற்றும் அப்படி. ஆனி ஆடியில் மேலைக்காற்று. உசிலம்பட்டிக்குப் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பெடல் தானாகச் சுற்றும். உயரம் மட்டும் இங்கே பிரச்சினையே இல்லை. விண்கலம் அளந்த உயரத் தரவு முப்பது மீட்டர் கட்டங்களாக வருகிறது. சமவெளியில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் சைக்கிள்காரன் ஏறும் பெரிய மலை ரயில்வே மேம்பாலம்தான், அது அந்தக் கட்டத்துக்குள் ஒழுங்காகத் தெரிவதுமில்லை. லெவல் கிராசிங்கை எடுத்துவிட்டுப் போடும் சுரங்கப்பாதைகளும் தெரியாது, அவற்றில் மழைக்கு நிற்கும் தண்ணீரும் தெரியாது.

இந்த வண்டிப்பாதைகள் எந்த வரைபடத்திலும் இல்லையா என்றால், இருக்கின்றன. வருவாய்த் துறையின் அ பதிவேட்டைப் புரட்டினால் புல எண் வாரியாக, ஓடை, களம் என்கிற வரிசையில் 'வண்டிப்பாதை' என்று அரசுப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். புலப்படத்தில் அதன் அகலம்கூட இருக்கும். நில வரி வசூலிப்பதற்காக அளந்தவர்கள், அடுத்தவன் காட்டை மிதிக்காமல் மாட்டுவண்டி போக வேண்டுமே என்று ஒவ்வொரு பாதையையும் விட்டுவைத்து அளந்தார்கள். சைக்கிளுக்கு இதைவிட நல்ல வலைப்பின்னலை இன்று யாராவது புதிதாகப் போட்டுத் தர முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். இணையத்தில் அ பதிவேட்டு விவரத்தைப் பார்க்கவும் முடிகிறது. ஆனால் திறந்த உரிமம் சொல்லப்படாத அரசு ஆவணத்திலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நகல் எடுக்கக் கூடாது. அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போய் ஓட்டி, தடத்தைப் பதிவு செய்து, வரைவது. பதிவேட்டில் இருக்கும் பாதை தரையில் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். சில இடங்களில் பாதை உயிரோடு இருக்கிறது, சில இடங்களில் சீமைக்கருவேலம் மூடிவிட்டது, பிளாட் போட்ட இடங்களில் கல் நட்டு அடைத்துவிட்டார்கள். மூன்றாவது வகையைப் பார்க்கும்போது வருவது சைக்கிள்காரனின் கோபம் மட்டுமில்லை.

வழி கணக்கிட நான் உபயோகிப்பது ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்ன்ட் பிரென்ஷெடே எழுதிய பிரௌட்டர். காரணம், எடையைத் தீர்மானிக்கும் விதிகள் அதில் வெளிப்படையான ஓர் எழுத்துக்கோப்பு. யாரும் திறந்து மாற்றலாம். உத்தமமான சாலைக்கு எடை ஒன்று; பத்தாயிரம் போட்டால் அந்தப் பக்கமே போகாது. உலகத்தை ஐந்து பாகைக் கட்டங்களாக வெட்டித் தரவிறக்கத் தருகிறார்கள். மதுரையும் திருமங்கலமும் ஒரே கட்டம். பத்தாம் பாகை அட்சரேகை அலங்காநல்லூருக்குச் சற்றுத் தெற்கே ஓடுவதால் ஜல்லிக்கட்டுக்குச் சைக்கிளில் போகிறவர் இரண்டு கட்டம் இறக்க வேண்டும்.

நான் எழுதி வைத்திருப்பது இரண்டு கோப்பு. கோடைக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று, ஏனென்றால் நிரலுக்கு நாள்காட்டி தெரியாது. இரண்டிலும் நாலு வழிச்சாலைக்கு எடை ஆறு; சர்வீஸ் ரோடு இருந்தால் அதற்கு ஒன்றரை. கோடைக் கோப்பில் கரிசல் பாதைக்கு ஒன்றேகால், ஐப்பசிக் கோப்பில் நாற்பது. கரிசலா செம்மண்ணா என்று தெரிய, வரையும்போதே குறிப்பில் எழுதிவிடுகிறேன். புளியமரம் வரிசையாக நிற்கும் சாலைகளையும் வரைகிறேன், மரவரிசைக்கு அங்கே ஒரு குறியீடு உண்டு. நெடுஞ்சாலை அகலமானபோது போன மரங்களுக்குப் பிறகு அப்படி வரைய மீதமிருப்பது உள்சாலைகளில்தான். ஐந்து பேர் இந்தக் கோப்புகளை வைத்திருக்கிறோம். அதில் ஒருவர் பால்காரர். அவருக்கு வரைபடமே தேவையில்லை, என்னைச் சரிபார்க்கத்தான் வாங்கி வைத்திருக்கிறார். "ரெண்டு எடத்துல என்னவிட சுருக்கா காட்டுது" என்றது எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ்.

திருமங்கலத்திலிருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் கோடைக் கோப்பு சொல்லும் வழி, நெடுஞ்சாலை வழியைவிட நான்கு கிலோமீட்டர் அதிகம். நாலு வழிச்சாலையை ஒரே இடத்தில் குறுக்கே கடக்கிறது, அதன் மேல் ஓடுவது இருநூறு மீட்டருக்குள்.

பெரியவர் சொன்ன கலுங்கை இந்தக் கார்த்திகையில் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சைக்கிள் தாண்ட முடியாத அளவுக்குப் பதினோரு நாள் தண்ணீர் போனது. கரைப்பாதையை அந்த இடத்தில் வெட்டி, அந்தச் சின்னத் துண்டுக்கு மட்டும் 'மழைக்காலத்தில் தண்ணீர் தாண்டும்' என்று குறித்து ஏற்றிவிட்டேன். மடைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு வண்டிப்பாதை பாக்கி. ஈரம் காய்ந்ததும் தை மாதம் போக வேண்டும்.